ஸ்டார்ட்டர் படமும் பாடக்குறிப்பும்: சொந்தத் தளத்தில் எதை எந்த வடிவில் போடுவது?

போன வருஷம் பட்டறையில் ஒரு மாணவன் டி.ஓ.எல் ஸ்டார்ட்டருக்கு (மோட்டாரை நேரடியாக லைனில் சேர்த்து ஓட்டும் பெட்டி) வயரிங் செய்துகொண்டிருந்தான். பேனல் போர்டு ஓரத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயர் மாட்டினான். ஆன் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளையைச் சேர்க்கும் காந்த ஸ்விட்ச்) இழுக்கவில்லை. அரை மணி நேரம் தேடிவிட்டு, ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் நிறுத்தும் காப்பு) முனைகளையே விட்டுவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிட்டான். மோட்டார் ஓடியது. அவன் முகத்தில் சிரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படி ஓடும் மோட்டாரில் பம்ப் இறுகிக்கொண்டால் நிறுத்த ஆளில்லை. வைண்டிங் கருகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

போனை வாங்கிப் பார்த்தேன். அது என் படம்தான். என் தளத்திலிருந்து யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சுருங்கி, மங்கிப்போய் வந்திருந்தது. 96 என்ற முனை எண்ணை 98 என்றுதான் படிக்க முடிந்தது. ஓவர்லோடு ரிலேயில் 95–96 வழக்கமாக மூடியிருக்கும் ஜோடி. 97–98 வழக்கமாகத் திறந்திருக்கும் ஜோடி. 95-லும் 98-லும் ஒயரைக் கொடுத்தால் கான்டாக்டரின் காயிலுக்கு சப்ளை போகவே போகாது. பையன் மேல் தப்பில்லை. அந்தப் படத்தை அந்த வடிவில் போட்டது நான்.

அதற்குப் பிறகுதான் தளத்தில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, எதை எப்படிப் போடுவது என்று முறையாக யோசித்தேன். ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். தளத்தில் இருப்பவை மூன்று வகை: தமிழில் எழுதிய பாடக்குறிப்புகள், சர்க்யூட் படங்கள், கையால் எழுதிய பழைய நோட்டுகளின் ஸ்கேன். உங்களிடம் இருப்பது வீட்டு பிளானாகவோ, தையல் அளவுப் படமாகவோ, ஊர் ஏரியின் வாய்க்கால் வரைபடமாகவோ இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றுக்கும் பொது: படிப்பவர் கையில் என்ன இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார்?

பிடிஎஃப்: தாளுக்கு ராஜா

எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் இது. அடோபி நிறுவனம் 1993-ல் கொண்டுவந்தது, 2008-ல் ஐ.எஸ்.ஓ தரமாகி, ஒரு நிறுவனத்தின் சொத்து என்ற நிலை போய்ப் பொதுவானது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் இம்மியும் மாறாது. எழுத்துருவைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பதால், தமிழ் ஃபான்ட் இல்லாத இடத்திலும் கட்டம் கட்டமாகத் தெரியாது. பிரவுசிங் சென்டரில் கொடுத்து இரண்டு ரூபாய்க்குப் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வடிவம் கிடையாது.

பலவீனமும் அந்த மாறாத பக்கத்தில்தான் இருக்கிறது. ஏ4 தாளின் அகலம் 595 பாயின்ட். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரையை உலாவி சுமார் 360 பிக்சல் அகலம் என்று கணக்கிடுகிறது. தாளில் 12 பாயின்ட் அளவில் அடித்த எழுத்து அங்கே 7 பிக்சல் அளவுக்குக் குறுகிவிடும். இணையப் பக்கத்தின் வழக்கமான எழுத்தளவு 16. விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் படிக்கலாம். பத்துப் பக்கம் யாரும் படிப்பதில்லை.

தமிழுக்கென்று இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, இதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. பிடிஎஃப்பிலிருந்து 'கொண்டு' என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல கோப்புகளில் 'ெகாண்டு' என்றுதான் வந்து விழும். நாம் தட்டச்சு செய்யும்போது முதலில் க, பிறகு ஒகரக்குறி. பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் காலைக் கடைசியிலுமாக அடுக்கி வைக்கிறது. அச்சில் வித்தியாசமே தெரியாது. தேடினால்தான் தெரியும்: 'கொள்ளளவு' என்று தேடுகிறவனுக்கு, அந்தச் சொல் கண்முன்னே இருக்கும்போதே, 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம். நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் மிஞ்சும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் இதே குவியலைத்தான் வாசித்துக்காட்டும். தமிழ்ப் பாடத்தை பிடிஎஃப்பாக மட்டும் போடுவது, புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, பிடிஎஃப்பைப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சட்டம் (ஃப்ரேம்) போட்டுக் காட்டினால்? மேசைக் கணினியில் அழகாக இருக்கும். போனில் கதை வேறு. ஐபோனின் சஃபாரியில் அப்படிப்பட்ட சட்டத்துக்குள் முதல் பக்கம் மட்டுமே தெரிவது நீண்டகாலமாக இருந்துவரும் தொல்லை. ஆண்ட்ராய்டு உலாவிகள் பலவற்றில் சட்டம் வெறுமையாக நிற்கும், அல்லது 'திற' என்று ஒரு பட்டன் மட்டும் இருக்கும். மோசில்லாவின் பிடிஎஃப்.ஜேஎஸ் இதற்கு ஒரு மருந்து. 2013-ல் ஃபயர்ஃபாக்ஸ் 19-லிருந்து அந்த உலாவிக்குள்ளேயே வரும் கருவி அது. இலவசம், நம் தளத்திலேயே நிறுவலாம், போனிலும் எல்லாப் பக்கமும் தெரியும். ஆனால் எழுத்து அதே 7 பிக்சல்தான். மருந்து நோயைத் தொடவில்லை என்பதால் நான் அதை எடுத்துவிட்டேன்.

என் தளத்தில் பிடிஎஃப் இப்போது ஒரே ஒரு வேலைக்குத்தான்: பாடத்தின் அடியில் 'பிரிண்ட் எடுக்க' என்று ஒரு இணைப்பு, பக்கத்திலேயே கோப்பின் அளவு. அளவைப் போடுவது மரியாதை. ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்று எண்ணிச் செலவழிக்கும் பையனுக்கு, தொடும் முன்பே 14 எம்பி என்று தெரிய வேண்டும்.

அடுத்தவர் வீட்டுத் திண்ணை

கோப்பை வேறொரு இலவசச் சேவையில் ஏற்றிவிட்டு, அதன் காட்சிச் சட்டத்தை நம் பக்கத்தில் ஒட்டுவது இன்னொரு வழி. இடமும் செலவும் மிச்சம் என்று நானும் செய்தேன். ஒருநாள் காலையில் மாணவர்களுக்கு 'அனுமதி கேட்கவும்' என்ற திரைதான் தெரிந்தது. பகிர்வு அமைப்பு எப்படி மாறியது என்று இன்றுவரை புரியவில்லை. மறுநாள் செய்முறைத் தேர்வு.

இலவசமாக ஆயிரமாயிரம் பேருக்கு இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டபோது, வேறெங்கும் நகல் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த படங்களெல்லாம் 2020 டிசம்பரோடு முடிந்தன. திண்ணையில் உட்காரலாம், குடியிருக்கக் கூடாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது நூலகங்களில் இரண்டாவது நகலாக வைப்பது நல்ல பழக்கம். முதல் நகல் நம் தளத்தில்தான் இருக்க வேண்டும். இடமெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்திலேயே ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம். ஒரு வாத்தியாரின் வாழ்நாள் குறிப்புகள் முழுவதும் அதில் அடங்கும்.

பாடக்குறிப்பு: சாதாரண இணையப் பக்கம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எழுத்தாக இருப்பது எழுத்தாகவே, எச்டிஎம்எல் பக்கமாகவே இருக்கட்டும். போனின் அகலத்துக்குத் தானே மடங்கிக்கொள்ளும். 'கொள்ளளவு' என்று தேடினால் கிடைக்கும். நகலெடுத்தால் 'கொண்டு' என்றே வரும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் வாசிக்கும். பத்துப் பக்கக் குறிப்பு எழுத்தாக இருந்தால் சில பத்து கேபி.

மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். முதலில் மயிலை எழுத்துரு, பிறகு டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறை, பிறகு யூனிகோடு. குறியீட்டு முறை இத்தனை தடவை மாறியும் அந்த நூல்களைப் புதிய முறைக்குக் கொண்டுவர முடிந்தது, அவை எழுத்தாக இருந்ததால். அவற்றைப் பக்கப் படங்களாக மட்டும் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து மறுபடியும் தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

வேர்டு கோப்பாக வைத்திருப்பவர்கள் பாண்டாக் என்ற இலவசக் கருவியால் ஒரே கட்டளையில் எச்டிஎம்எல்லாக மாற்றலாம். அட்டவணைகளும் தலைப்புகளும் பெரும்பாலும் சேதமில்லாமல் வரும், படங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். வேர்டிலேயே 'வெப் பேஜ்' என்று சேமிக்கும் வசதியும் உண்டு. அதை நம்ப வேண்டாம். வேண்டாத குறிகளை அள்ளிக் கொட்டும்; பிறகு எதையும் திருத்த முடியாது.

சர்க்யூட் படம்: இங்கேதான் முழுக் கவனமும்

படத்தைப் புள்ளிகளாகச் சேமிப்பதா, கோடுகளாகச் சேமிப்பதா என்பதுதான் கேள்வி.

ஜேபெக் புள்ளி வகை, புகைப்படத்துக்காகப் பிறந்தது. படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் கண்டுகொள்ளாது என்று கருதும் நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. முகத்திலும் வானத்திலும் அது தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்றால், அது தூக்கி எறியும் நுணுக்கம்தான் நமக்கு வேண்டிய எழுத்தின் விளிம்பு. விளிம்பு போனால் அதைச் சுற்றி அழுக்கு மாதிரிப் புள்ளிகள் படியும். 6-இன் திறந்த வாயை மூடி 8 ஆக்குவது அந்த அழுக்குதான். திரும்பத் திரும்பச் சேமித்தால் அழுக்கு சேர்ந்துகொண்டே போகும். கோட்டுப் படத்தை ஜேபெக்கில் போடுவதை இனியாவது நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

பிஎன்ஜி ஒரு புள்ளியையும் இழக்காது. ஒரே நிறப் பரப்பு அதிகமுள்ள கோட்டுப் படங்களில் கோப்பின் அளவும் பல சமயம் ஜேபெக்கைவிடக் குறைவாகவே வரும். படம் வரையும் மென்பொருளோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் பிஎன்ஜியோடு நிறுத்திக்கொள்ளலாம். குறை சொல்ல மாட்டேன். பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

எஸ்விஜி கோடு வகை. 'இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை கோடு, இங்கே 13 என்று எழுது' என்ற குறிப்புகளின் கோப்பு அது. 2001-லிருந்து இணையத் தரமாக இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும். ஒரு கன்ட்ரோல் சர்க்யூட் சில கேபிதான். அதே படம் உள்ள ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480×3508 புள்ளிகள். நான் தேர்ந்தெடுத்தது எஸ்விஜியைத்தான். ஆனால் அதிலும் தமிழில் எழுதினால் ஒரு பொறி இருக்கிறது. அதில் விழுந்து எழுந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்விஜி கோப்பை மற்றப் படங்களைப் போலப் படக் குறியால் இணைத்தால், உலாவி அதைத் தனி அறையில் பூட்டிவிடும். நம் பக்கத்துக்காக இறக்கிய தமிழ் எழுத்துரு அந்த அறைக்குள் போகாது. போனில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவில் 'ஓவர்லோடு ரிலே' என்று எழுதும். அது கொஞ்சம் அகலமாக இருந்தால் சொல் கட்டத்தை மீறிப் பக்கத்து முனையின் எண்மேல் ஏறி உட்காரும். தமிழ் எழுத்துருக்களுக்கிடையே அகல வித்தியாசம் நிறைய என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுவது. எங்கும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் அது எழுத்தாக இருக்காது. தேட முடியாது, வாசிப்பான் படிக்காது, எண்ணைத் திருத்த மறுபடியும் மூலக்கோப்புக்குப் போக வேண்டும். இரண்டாவது வழி, எஸ்விஜியின் உள்ளடக்கத்தை அப்படியே எடுத்துப் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் வைத்துவிடுவது. அப்போது பக்கத்தின் எழுத்துரு படத்துக்கும் பொருந்தும்; '95' என்று பக்கத்தில் தேடினால் படத்துக்குள்ளேயே போய்க் காட்டும். நான் செய்வது இதைத்தான். கூடவே, பெயர்களை நடுவில் நங்கூரமிட்டு எழுதுகிறேன். எழுத்துரு மாறி அகலம் கூடினாலும் இருபுறமும் சமமாக விரியும், ஒரு பக்கமாகச் சாயாது. கட்டத்தையும் தேவைக்கு மேல் கால் பங்கு அகலமாக வரைகிறேன்.

டிரா.ஐஓ என்ற படம் வரையும் கருவியில் வரைகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்', 'வேர்டு ராப்' இரண்டும் தேர்வான நிலையில் எஸ்விஜியாக எடுத்தால், உலாவியில் சரியாகத் தெரிந்த எழுத்து இங்க்ஸ்கேப் போன்றவற்றில் காணாமல் போய், அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி நிற்கும். அவற்றை அணைத்துவிட்டு எடுங்கள். மற்றபடி நல்ல கருவி. வரைந்த மூலத்தையும் எஸ்விஜிக்குள்ளேயே ஒளித்து வைக்கச் சொல்லலாம் என்பதால் திருத்துவது எளிது.

கூர்மை மட்டும் போதாது என்பதும் போனில் பார்த்த பிறகே தெரிந்தது. பவர் சர்க்யூட்டையும் கன்ட்ரோல் சர்க்யூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த அகலப் படம் 360 பிக்சலுக்குள் சுருங்கும்போது, எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் கடுகளவு இருக்கும். இரண்டாகப் பிரித்தேன். மேலே பவர் சர்க்யூட்: மூன்று பேஸ், கான்டாக்டர், ரிலே, மோட்டார். கீழே கன்ட்ரோல் சர்க்யூட், ஏணி மாதிரி மேலிருந்து கீழாக: பேஸ், 95–96, ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அதற்கு இணையாக 13–14 (பட்டனை விட்ட பிறகும் சப்ளையைப் பிடித்து வைக்கும் கான்டாக்டரின் துணை முனைகள்), காயிலின் ஏ1, ஏ2, நியூட்ரல். போன் திரை நெட்டுக்குத்து; ஏணியும் நெட்டுக்குத்து. பையன் கட்டைவிரலால் கீழே தள்ளிக்கொண்டே ஒயரை மாட்டிக்கொண்டு போகலாம். தொழிற்சாலை வரைபடங்களிலும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் வரைவார்கள். அதையே முதலிலிருந்து பின்பற்றியிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை.

இருட்டுப் பின்னணியில் போன் பார்ப்பவர்களை மறந்துவிடாதீர்கள். பின்னணி இல்லாத படத்தில் கறுப்புக் கோடு கறுப்புத் திரையில் மறைந்துபோகும். படத்துக்கு அடியில் ஒரு வெள்ளைச் செவ்வகம் போட்டால் முடிந்தது வேலை.

மெர்மெய்டு என்றொரு கருவி 2014-லிருந்து இருக்கிறது. 'இது நடந்தால் அது' என்று வரி வரியாக எழுதினால் அதுவே பாய்வுப்படம் வரைந்து தரும். 2022-லிருந்து கிட்ஹப்பும் அதை நேரடியாகக் காட்டுகிறது. பழுது தேடும் படிகளுக்கு (சப்ளை வருகிறதா, ஃப்யூஸ் சரியா, ரிலே டிரிப் ஆகியிருக்கிறதா) அருமை. சர்க்யூட்டுக்கு உதவாது, எதை எங்கே வைப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும், நாம் தீர்மானிக்க முடியாது. தமிழ் எழுத்துரு தாமதமாக இறங்கினால் கட்டத்துக்குள் சொல்லின் வால் வெட்டுப்படும். ஒருமுறை எஸ்விஜியாக மாற்றி அதை வைத்துவிடுவதே மேல்.

பழைய நோட்டும் சான்றிதழும்

கையெழுத்து நோட்டுக்கு ஸ்கேன் தவிர வேறு வழியில்லை. பழுத்த தாளின் நிழலும் மையின் ஏற்ற இறக்கமும் புகைப்படத் தன்மை கொண்டவை. இங்கே ஜேபெக்கோ, வெப்பி என்ற பட வடிவமோ தாராளமாகப் போதும். படத்தின் கீழே அந்தப் பக்கத்தில் இருப்பதைத் தட்டச்சு செய்து வையுங்கள், சுருக்கமாகவாவது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய சார்ட் என்றால் சிறு சதுரங்களாக வெட்டி வைத்து, ஓப்பன்சீட்ராகன் என்ற கருவி மூலம் பார்க்கும் இடத்தை மட்டும் இறக்கிக் காட்டலாம். ஊர் வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு அது பொருத்தம்.

சான்றிதழ்களை, ஆதாரை, பட்டாவைத் தளத்தில் போடவே வேண்டாம். மறைத்துவிட்டோம் என்று நினைத்து பிடிஎஃப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைவார்கள். அடியில் எழுத்து அப்படியே இருக்கும், இழுத்து நகலெடுத்தால் வந்துவிடும். போனில் எடுத்த புகைப்படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். ஏற்றும் முன் அதையும் நீக்குங்கள்.

இப்படி எல்லாம் மாற்றி முடித்த மாதமே ஒரு மாணவி ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் படத்தில் டைமரின் முனை எண் ஒன்று தப்பு என்று சுட்டிக்காட்டினாள். பக்கத்தைத் திறந்து, அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிச் சேமித்தேன். அடுத்த நிமிடத்திலிருந்து அந்த முகவரியைத் திறக்கும் எல்லோருக்கும் சரியான படம். ஏற்கெனவே இறக்கிவைத்த பிடிஎஃப் நகல்களை மட்டும் என்னால் தொட முடியாது. அதனால் இப்போது ஒவ்வொரு பிடிஎஃப்பின் அடியிலும் பெரிய எழுத்தில் திருத்திய தேதியும் பக்கத்தின் முகவரியும் போடுகிறேன். வகுப்பில் பிரிண்ட் தாளோடு வருகிறவனிடம் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.